திருமலைக் கடலில உலக நீச்சல் போட்டி நடத்தேலாதோ?

கேள்வி: உவர்மலைப் பொடியன், 17 ஜூலை 2025, மாலை 6.12

நேற்று சிங்கப்பூரில நடந்த 10 கிலோமீற்றர் கடல் நீச்சலைப் போனில பார்த்தன். செந்தோசாத் தீவுக் கடற்கரை. நம்மட திருகோணமலை டச்பேக் கடற்கரை அதைவிட எத்தனை மடங்கு வடிவு! உலகத்துப் பெரிய இயற்கைத் துறைமுகங்களில ஒண்டை வைச்சுக்கொண்டு நாங்கள் கரையில இருந்து கச்சான் கொறிக்கிறம். டைவிங் போட்டிக்குக் கோணேசர் மலை இருக்கு. அதில இருக்கிற மலைப்பிளவு, இராவணன் வெட்டால பாயவிட்டா உலகமே திரும்பிப் பார்க்கும். ஏன் இங்க நடத்தேலாது? தெரிஞ்ச அண்ணைமார் சொல்லுங்கோ.

திருக்கடலூரான், 17 ஜூலை, இரவு 9.40

தம்பி, நீந்தலாம். மலையில இருந்து பாயேலாது. இதுதான் என்ர பதில். மிச்சத்தை நாளைக்கு எழுதுறன், இப்ப சாப்பாடு.

17 ஜூலை, இரவு 10.55

சாப்பிட்டாச்சு. நித்திரை வரேல்ல.

நீர் பார்த்தது உலக நீர்விளையாட்டுப் போட்டி. 1973இல பெல்கிரேட்டில தொடங்கினது. குளத்து நீச்சல், கடல் நீச்சல், பாய்ச்சல், தண்ணிப் பந்து, தாளத்துக்கு ஆடுற நீச்சல், உயரப் பாய்ச்சல் எல்லாம் ஒரே பந்தலுக்குள்ள. கடல் நீச்சல் 1991இல பேர்த்தில சேர்ந்தது, உயரப் பாய்ச்சல் 2013இல பார்சிலோனாவில. தென்கிழக்காசியாவுக்கு இந்தப் போட்டி வந்தது இதுதான் முதல் தரம். சிங்கப்பூர்க்காரனுக்கே இவ்வளவு காலம் எடுத்திருக்கு. நீர் டச்பேயைக் காட்டி அவசரப்படுறீர்.

ஆனா கடல் எண்டு பார்த்தா, வைகாசியில இருந்து புரட்டாதி மட்டும் நம்மட பக்கம் குளம் மாதிரித்தான். அந்த நேரம் தெற்கில காலி நகரப் பக்கம் கொந்தளிச்சுக்கொண்டு நிக்கும். அதால 10 கிலோமீற்றர், 25 கிலோமீற்றர், எல்லாத்துக்கும் கடல் போதும்.

18 ஜூலை, காலை 6.30

மலைக் கதை. மகள் உயர்தரத்தில பௌதிகவியல் படிக்கிறாள். அவளிட்டக் கொப்பியைக் குடுத்துக் கணக்குப் பார்க்கச் சொன்னன். 10 மீற்றர் மேடையில இருந்து விழுற ஆள் ஒண்டரை செக்கனுக்குள்ள தண்ணியைத் தொடுறார், வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். 27 மீற்றரில இருந்து எண்டா மணிக்கு 83. அதுதான் உயரப் பாய்ச்சல்காரர் தலையைக் குடுக்காமல் காலைக் குடுத்து இறங்கிறது. கீழ தண்ணிக்குள்ள சுழியோடிகள் சுத்தி நிண்டு பார்த்துக்கொண்டிருப்பினம். பாய்ஞ்சவர் மேல வந்து கையால சைகை காட்டினாத்தான் அவங்களுக்கு மூச்சு வரும்.

கோணேசர் மலை, அதான் சுவாமி மலை, 100 மீற்றருக்குக் குறையாது. காத்து மறிக்கிறதை விட்டுப் பார்த்தா மணிக்கு 160 கிலோமீற்றர் எண்டு மகள் எழுதித் தந்தாள். பக்கத்தில "அப்பா, ஆரைத் தள்ளப் போறீங்கள்?" எண்டும் எழுதியிருந்தாள்.

கீழ பாறை. மேல கோயில். தேங்காய் உடைக்கிற இடத்தில ஆள் பாயிற கதையை இதோட விடுவம்.

19 ஜூலை, மாலை

இரண்டு திருத்தம்.

27 மீற்றர் ஆம்பிளையளுக்கு. பொம்பிளையள் 20 மீற்றர். பொதுவா எழுதிப்போட்டன்.

மற்றது, 25 கிலோமீற்றர் இப்ப இல்லை. 2022 புடாபெஸ்டோட நிப்பாட்டிட்டாங்கள். அதுக்குப் பதிலா இந்த வருசம் 3 கிலோமீற்றர் கழிவுப் போட்டி வந்திருக்கு: முதல்ல 1500 மீற்றர் நீந்தி பாதிப்பேர் வீட்டை போவினம், பிறகு 1000, கடைசியா 500. அஞ்சு மணித்தியாலத்துக்கு மேல தண்ணிக்குள்ள கிடக்கிற ஆக்களை ஆர் ரீவியில பார்த்துக்கொண்டிருப்பான் எண்டு யோசிச்சிருப்பாங்கள். எனக்கு 25தான் விருப்பம். கிழவனுக்கு நீளமான கதை பிடிக்கும்.

இந்தமுறை 10, 5, 3 மூண்டையும் ஜெர்மனிக்காரர் புளோரியான் வெல்புரொக் எடுத்துட்டார். பரிஸ் ஒலிம்பிக்கில எட்டாவதா வந்த மனுசன். ஒரு வருசத்தில என்ன சாப்பிட்டாரோ. ஆனா என்ர கண் போனது இத்தாலிக்காரர் பல்தறினியேரியில. 10 கிலோமீற்றரில விரல் முறிஞ்சுபோச்சு. அதோட நீந்தி வெள்ளி. பிறகு அதே கையோட 5 கிலோமீற்றரிலயும் வெள்ளி.

20 ஜூலை, காலை

தம்பி தனியா ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்: "அண்ணை, டைவிங் எண்டா பாயிறதோ, தாழுறதோ?"

சிரிக்காதேங்கோ. எங்கட வீட்டிலயும் இதே குழப்பம்தான். எண்பத்தொரு வயசு அப்பாவிட்ட "டைவிங் போட்டி நடக்குது" எண்டன். "எத்தினை பாகம்?" எண்டு கேட்டார், பாகம் எண்டா கடல் ஆழத்தை அளக்கிற கணக்கு. அவருக்கு டைவிங் எண்டா சங்கு குளிக்கிறது. பலகையில இருந்து குதிச்சுக் கரணம் போட்டு இரண்டு செக்கனில முடிஞ்சுபோற சாமானைப் போனில காட்டினன். மூண்டு பேர் பாயிறதைப் பார்த்தார். "சரி, அவன் கீழ இருந்து என்ன எடுத்துக்கொண்டு வந்தான்?" எண்டார்.

ஒண்டும் எடுத்துக்கொண்டு வரேல்ல எண்டன். போனைத் திருப்பித் தந்துட்டார்.

ஆங்கிலத்தில இரண்டுக்கும் ஒரே சொல். நமக்குச் சுழியோடி வேற, பாயிறவன் வேற. ஊருக்குள்ள "டைவிங் சென்ரர்" எண்டு போர்டு போட்ட இடமெல்லாம் புறாத்தீவுப் பக்கம் கூட்டிக்கொண்டுபோய்ப் பவளப்பாறை காட்டுற இடங்கள். திருமலை அந்த டைவிங்கில உலகத் தரம்தான். 1956இல கோணேசர் மலையடியில கோயில் இடிபாடுகளைக் கடலுக்குள்ள கண்டவர் மைக் வில்சன் எண்ட சுழியோடி. 1624இல போர்த்துக்கேயர் இடிச்சுத் தள்ளின கோயில். அப்பாவின்ர கேள்விக்கு அங்க பதில் இருக்கு: அந்த மனுசன் கீழ இருந்து சாமியைக் கொண்டுவந்தார்.

20 ஜூலை, இரவு

காலமை எழுதினதை வாசிச்சா அப்பாவைக் கிண்டல் பண்ணின மாதிரிக் கிடக்கு. அப்பிடியில்லை. அவர் படகில கயிறு பிடிச்ச ஆள். சங்குக்கு ஆறேழு பேர் தாழுவினம். படகுப் பலகையில ஒரு கோடு கீறி, ஒரு பக்கம் ஆளுக்கொரு புளியங்கொட்டை வைப்பார். ஒருத்தர் கீழ போனா ஒரு கொட்டை கோட்டுக்கு அங்கால போகும். மேல வந்து படகு விளிம்பைப் பிடிச்சாத்தான் கொட்டை இங்கால வரும். தலை தெரிஞ்சாப் போதாது, கை விளிம்பில இருக்கவேணும். அலை அடிச்சுக் கொட்டை உருளாமல் இருக்கப் பலகையில ஈரச் சாக்கு விரிச்சிருப்பார்.

ஏன் இதை எழுதினன் எண்டு எனக்கே தெரியாது. பாய்ச்சலைப் பற்றிக் கதைக்க வந்தனான்.

21 ஜூலை

பாய்ச்சலுக்குப் புள்ளி எப்பிடி எண்டு கேட்ட ஆளுக்கு: தனியாப் பாயிற போட்டிக்கு ஏழு நடுவர். ஆளுக்குப் பத்துக்குள்ள, அரைப்புள்ளி கணக்கில குடுப்பினம். மேல இரண்டையும் கீழ இரண்டையும் வெட்டிப்போட்டு நடு மூண்டையும் கூட்டி, பாய்ச்சலின்ர கடினத்துக்கு எண்டு உள்ள எண்ணால பெருக்கிறது. குளத்துக்கு மேல தண்ணி பீச்சிக்கொண்டே இருப்பாங்கள். அது அழகுக்கில்லை. தெளிஞ்ச தண்ணியின்ர மேற்பரப்பு கரணம் போடுறவன்ர கண்ணுக்குப் பிடிபடாது. கலங்கினாத்தான் தெரியும்.

இதுக்கு மேடையும் ஆழமான குளமும் பயிற்சியாளரும் வேணும். கடல் இருந்து என்ன பிரயோசனம். டைவிங் விசயத்தில தம்பியின்ர வழக்குத் தள்ளுபடி.

24 ஜூலை, ஆடி அமாவாசை

காலமை கடற்கரையில கால் வைக்க இடமில்லை. அம்மாவுக்கு எள்ளும் தண்ணியும் இறைச்சுப்போட்டு நிக்கேக்க ஒரு யோசினை. கடல் நீச்சல் விதிப்படி தண்ணி 16 பாகை செல்சியசுக்குக் குறையவும் கூடாது, 31 பாகைக்குக் கூடவும் கூடாது. நம்மட தண்ணி எத்தினை பாகை? இருவத்தஞ்சு வருசம் கடலுக்குப் போய்வந்த எனக்குத் தெரியாது. கேட்ட ஆக்களில "சூடு" எண்டாங்கள் சிலர், "குளிர்மை" எண்டாங்கள் சிலர்.

மீன்தொட்டி விக்கிற கடையில வெப்பமானி ஒண்டு வாங்கினன்.

25 ஜூலை, நண்பகல்

32! போட்டி நடத்தேலாது. நான் முதல்ல எழுதின "கடல் போதும்" பிழை. எல்லாரும் மன்னிக்கவும்.

25 ஜூலை, பின்னேரம்

மன்னிப்பு வாபஸ். மகள் கேட்டாள், எங்க நிண்டு அளந்தீங்கள் எண்டு. முழங்கால் தண்ணியில, மத்தியான வெயிலுக்க. விதி என்ன சொல்லுதெண்டா, போட்டி துவங்க இரண்டு மணித்தியாலத்துக்கு முந்தி, நீந்துற பாதையின்ர நடுவில, 40 சென்ரிமீற்றர் ஆழத்தில அளக்கவேணும். நான் அளந்தது குழந்தையள் மண்கோட்டை கட்டுற இடம்.

27 ஜூலை

மச்சான்ர பைபர் போட்டில வெள்ளனப் போனன். தங்கூசி நூலில வெப்பமானியைக் கட்டி, கீழ ஈயக்குண்டு ஒண்டு, 40 சென்ரிமீற்றரில ஒரு முடிச்சு. முடிச்சு தண்ணியை முட்டினதும் நிப்பாட்டி நூறு வரைக்கும் எண்ணினன். கோட்டை வளைவுக்கு நேர வெளியால 29. இன்னும் கொஞ்சம் தள்ளி 28.5. மச்சான் கேட்டான், "மீன் எந்தப் பக்கம் எண்டு இது சொல்லுமோ?" இல்லையெண்டன். "அப்ப ஏன் எண்ணெய் செலவழிச்சு வந்தனாங்கள்?"

ஆக, வெள்ளன எண்டா நடத்தலாம். சிங்கப்பூர்த் தண்ணியும் முப்பதை ஒட்டித்தான். மூண்டு நாலு காலமை அளந்ததை வைச்சு உலகத்துக்குச் சான்றிதழ் குடுக்கிறன் எண்டு நினைக்காதேங்கோ. வெப்பமானி மீன்தொட்டிக்குச் செய்தது.

இரவு உயரப் பாய்ச்சலும் பார்த்தன். அவுஸ்திரேலியாக்காரி றியனன் இஃப்லண்ட், இதோட அஞ்சாந்தரம் உலகத் தங்கம். 20 மீற்றரில பின்பக்கமாத் திரும்பி விளிம்பில நிக்கிறா, குதிக்கால் வெளியில. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினன். இந்தமுறை பாய்ஞ்சதை அவர் பார்க்கேல்ல. கீழ தண்ணிக்குள்ள நிண்ட நாலு பேரைத்தான் பார்த்தார். "இவங்கள் வேலை தெரிஞ்சவங்கள்" எண்டார்.

2 ஓகஸ்ட், இரவு

நிலாவெளி அக்கா எழுதியிருக்கிறா: "வெப்பம் அளக்கிறது இருக்கட்டும், என்ர மகள் ஒருக்கா இங்க கடல் நீச்சலுக்கு வந்து வானுக்குள்ள பெற்சீற் மறைப்புக் கட்டித்தான் உடுப்பு மாத்தினவள். பத்தாயிரம் மீற்றர் நீந்துற பிள்ளைக்கு நாலு தகரம் அடிச்சுக் குடுக்க ஆள் இல்லை." அக்கா சொல்லுறது சரி. நான் எழுதின எல்லாத்தையும்விட இது முக்கியம். இவ்வளவு நாளும் எனக்கு இது தோணவே இல்லை, ஏனெண்டா நான் சாரத்தை வாயில கடிச்சுக்கொண்டு மாத்திற ஆள்.

சரி, நானும் ஒண்டைச் சொல்லுறன். இதைச் சொல்லாமல்தான் இவ்வளவு நாளும் வெப்பமானிக் கதை எழுதிக்கொண்டிருந்தன்.

எட்டு வருசத்துக்கு முந்தி இங்க ஒரு 2 கிலோமீற்றர் கடல் நீச்சல் நடந்தது. ஆர் நடத்தினது எண்டு கேளாதேங்கோ. ஆக்களை எண்ணுற வேலை எனக்கு. ஒரு சீ.ஆர் கொப்பி, ஒரு நீலப் பேனை. நீச்சல்காரருக்குத் தோளில மார்க்கரால நம்பர் எழுதிவிடச் சொல்லி இரண்டு பெடியளை விட்டிருந்தம். நம்மட சனம் என்ன செய்யும்? கடலில இறங்கிறதுக்கு முந்தி உடம்பு முழுக்கத் தேங்காயெண்ணெய். எண்ணெய்க்கு மேல மார்க்கர். எழுதேக்கையே வழுக்கினது. பெடியன் இரண்டு தரம் அழுத்தி எழுதினான். எனக்கு அப்பவும் உறைக்கேல்ல.

42 பேர் இறங்கினது. 41 பேர் ஏறினது.

கொப்பியைப் பார்த்தா 11 இரண்டு தரம் இருக்கு. 17உம் இல்லை, 23உம் இல்லை. நம்பரைக் கூப்பிட்டா ஆருக்கும் தன்ர நம்பர் ஞாபகமில்லை, தோளில நீலப் பூச்சுத்தான் இருக்கு. இரண்டு போட்டும் திரும்பக் கடலுக்குப் போச்சு. நான் கரையில நிண்டு வரிசையாக நில்லுங்கோ எண்டு கத்துறன். பெடியள் பணிஸ் வாங்க ஓடுறாங்கள். ஒரு தாய் வந்து என்ர கொப்பியைப் பறிச்சுப் பார்த்தா. அந்த மனுசியின்ர கை நடுங்கினது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

17 எனக்குப் பக்கத்தில நிண்டு பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். ஏழின்ர தலைக்கோடு அழிஞ்சு ஒண்டாப் போயிருக்கு. தன்னைத்தான் தேடுறம் எண்டு அவனுக்குத் தெரியாது, அவனும் சேர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு நிக்கிறான். 23 நரம்பு பிடிச்சுக் கோட்டைப் பக்கம் கரையேறி, ஓட்டோ பிடிச்சு வீட்டை போயிட்டான். நாப்பது நிமிசத்துக்குப் பிறகு ஆள் போய்ப் பார்க்க, புட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம்.

எல்லாரும் சிரிச்சாங்கள். நானும் சிரிச்சன். அதுக்குப் பிறகு அந்த வேலைக்கு நான் போகேல்ல.

3 ஓகஸ்ட்

உவர்மலைப் பொடியன் கேக்கிறார், "அண்ணை, அந்த 23 ஆர் எண்டு சொல்லுவீங்களோ?" சொல்லமாட்டன். இப்ப கலியாணம் கட்டி மரியாதையா இருக்கிறான்.

5 ஓகஸ்ட்

அந்தக் கதை ஏன் சிரிப்பாத் தெரியேல்ல எண்டு விளக்கம் சொல்லவேண்டியிருக்கு. 2010 ஒக்டோபர் 23, ஐக்கிய அரபு இராச்சியத்தில புஜைரா. 10 கிலோமீற்றர் உலகக் கிண்ணப் போட்டி. கடல் கொதிச்சுக்கொண்டிருந்தது. அமெரிக்கர் பிரான் கிரிப்பன், 26 வயசு, கரையேறேல்ல. ஆள் குறையுது எண்டு கண்டுபிடிச்சது நடத்தினவங்களில்லை, கூட நீந்தின அவரின்ர அணிக்காரர். இரண்டு மணித்தியாலம் போல கழிச்சுத்தான் உடம்பு கிடைச்சது.

31 பாகை எண்ட அந்த மேல் வரம்பு அதுக்குப் பிறகு வந்தது. நான் மீன்தொட்டி வெப்பமானியோட விளையாட்டா அளந்த எண்ணுக்குப் பின்னால ஒரு பொடியன் இருக்கிறான்.

இப்ப உலகப் போட்டியில இரண்டு மணிக்கட்டிலயும் இலத்திரனியல் பட்டி. முடிவில தலைக்கு மேல தொங்குற பலகையைக் கையால அடிக்கவேணும். அப்பாவின்ர படகு விளிம்பு மாதிரித்தான். தோளிலயும் கையிலயும் நம்பர், எண்ணெய் கிண்ணெய் எல்லாம் நம்பருக்குப் பிறகு. இறங்க முந்தி நகம் வெட்டியிருக்கோ, காதில கழுத்தில ஏதும் கிடக்கோ எண்டு பார்ப்பினம். ஆளுக்கு ஆள் மேல ஏறி நீந்திற போட்டி, நகம் கிழிச்சுப்போடும்.

6 ஓகஸ்ட்

இண்டைக்கு நம்மட நீச்சல் வீரர் ஆழிக்குமரன் ஆனந்தன் கடலில செத்துப்போன நாள். 1984 ஓகஸ்ட் 6, ஆங்கிலக் கால்வாய். நேற்று அந்தக் கதையை எழுதினதும் இண்டைக்கு இந்தத் திகதி வந்ததும் தற்செயல்தான். 1971இல வல்வெட்டித்துறையில இருந்து கோடிக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தவர், 51 மணித்தியாலம். அதுக்கு முந்தி 1954இல நவரத்தினசாமி. அப்ப கைப்பட்டியும் இல்லை, வெப்பமானியும் இல்லை. கூடப் போன வள்ளக்காரரின்ர கண்தான்.

நம்மட ஊரும் சும்மா இல்லை. 2024 மார்ச்சில 13 வயசுப் பள்ளிக்கூடப் பொடியன் ஒருத்தன் தனுஷ்கோடியில இருந்து தலைமன்னாருக்கு நீந்தி வந்தவன். நீந்த ஆள் இல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேலாது.

10 ஓகஸ்ட்

கச்சான் பற்றி ஒராள் கேட்டிருக்கிறார், வெளிநாட்டில வளர்ந்த பிள்ளை போல. கொறிக்கிற கச்சானும் இருக்கு, அது நிலக்கடலை; அடிக்கிற கச்சானும் இருக்கு. இரண்டாவது மேற்கில இருந்து தரையைக் கடந்து வாற காத்து. சூடு. உதடு வெடிக்கும்.

தரையில இருந்து அடிக்கிறபடியால் கரையோரக் கடல் எண்ணெய் வார்த்த மாதிரிப் படுத்துக் கிடக்கும். பார்க்கிறவனுக்கு ஆசை வரும். போகேக்க முதுகில கை வைச்சுத் தள்ளுற மாதிரிச் சுகமாப் போவீர். திரும்பேக்கதான் தெரியும், வாற காத்து முகத்துக்கு. மூதூர்ப் பக்கத்து ஆள் ஒருத்தர் சொல்லுவார், "கச்சானில கடல் சிரிக்கும், கிட்டப் போகாத" எண்டு. முந்தி நான் "குளம் மாதிரி" எண்டு எழுதினன் இல்லையோ, அதுக்கு இந்தத் திருத்தத்தைச் சேர்த்து வாசியுங்கோ.

சிங்கப்பூரில முதல் நாள் தண்ணியில கிருமி கூடிப்போச்சு எண்டு போட்டியைத் தள்ளி வைச்சு, 16ஆந் திகதி ஆம்பிளையள் பொம்பிளையள் இரண்டு 10 கிலோமீற்றரையும் ஒரே நாளில நடத்தினவங்கள். அவங்களுக்குத் தள்ளி வைக்க இடம் இருந்தது. இங்க கச்சான் எழும்பாத காலமைதான் போட்டி எண்டு வைச்சா, தள்ளினா நேரே அடுத்த நாள்தான்.

ஓம், கிருமி. வெப்பத்தை நான் அளந்தன். கிருமியை ஆர் அளக்கிறது? சிங்கப்பூரில அளந்தபடியால்தான் தள்ளி வைச்சாங்கள். பரிஸில செயின் ஆத்துக்கும் உதே பாடுதான். மழை விட்ட அடுத்த நாள் ஒரு வாய்க்கால் கடலில விழுற இடத்தில நிண்டு பாருங்கோ, சோப்பு நுரையும் சொப்பிங் பையும். அந்த இடத்தில நான் முழுகி எழும்பி ஒண்டும் நடக்கேல்ல எண்டு பெருமை கதைக்கிறதும் உண்டு. அது அளவையில்லை.

17 ஓகஸ்ட்

இது வரைக்கும் அழுகையாப் போச்சு. ஒரு நல்ல செய்தி.

10 கிலோமீற்றரில நடுவில சாப்பாடு குடுக்கிறது எப்பிடி எண்டு பார்த்திருப்பீங்கள். மிதக்கிற மேடையில பயிற்சியாளர் வரிசையா நிண்டு நீளத் தடியை நீட்டுவினம், நுனியில கோப்பை, பக்கத்தில நாட்டுக்கொடி. நீந்துறவர் மல்லாந்து, ஒரு கையால எடுத்து, இரண்டு மிடறு குடிச்சு, கோப்பையை எறிஞ்சுபோட்டுப் போவார். இரண்டு மூண்டு செக்கன்.

தடியைப் பார்த்த உடன எனக்கு மாங்காய் ஆயிற கொக்கத்தடிதான் நினைவு வந்தது. மருமகன் ஒருத்தனைத் தண்ணியில விட்டு, மச்சான்ர போட்டில நிண்டு, கொக்கத்தடி நுனியில சிரட்டையைக் கட்டி இளநீர் நீட்டினன். முதல்தரம் சிரட்டை அவன்ர மூக்கில இடிச்சது. இரண்டாந்தரம் இளநீர் முழுக்கக் கடலுக்கு. மூண்டாந்தரம் குடிச்சான், ஆனா நிண்டு குடிச்சான். "மாமா, தடியை ஆட்டாதேங்கோ." நான் ஆட்டேல்ல, கடல் ஆட்டுது எண்டன். சிரட்டை வேண்டாம், வாய் ஒடுங்கின யோகட் கப் நல்லது. உலக அமைப்புக்கு இந்த ஆலோசினை இலவசம்.

31 ஓகஸ்ட்

உவர்மலைப் பொடியன் நேரில வந்தார். எழுத்தைப் பார்த்துப் பெரிய பொடியன் எண்டு நினைச்சிருந்தன், பதினாறு வயசுதான். கூட ஏழு பேர். "அண்ணை" எண்டு எழுதினவர் ஆளைக் கண்டதும் "ஐயா" ஆக்கிட்டார். டச்பேயில ஒரு கிலோமீற்றர் நீந்தப் போகினமாம். உலகப் போட்டி இல்லை, சும்மா. நான் எண்ணவேணுமாம்.

ஏலாது எண்டன்.

1 செப்ரெம்பர்

அப்பாவிட்டச் சொன்னன். எழும்பிக் குசினிக்குப் போய்ப் புளிப்பானைக்குள்ள கையை விட்டார்.

7 செப்ரெம்பர், ஞாயிறு

காலமை 5.50. தண்ணி 28.5, நடுவில, முடிச்சு வரைக்கும். காத்து இல்லை. ஒரு போட், மச்சான் ஓட்ட, முன்னால அப்பா கதிரை போட்டு. நிலாவெளி அக்கா சாரத்தால மறைப்புக் கட்டித் தந்தா, மகளும் நீந்தினவள். மார்க்கர் முதல், எண்ணெய் பிறகு. எழுதின நம்பர் காயுமட்டும் ஒருத்தரையும் எண்ணெய்ப் போத்தில்ல கை வைக்க விடேல்ல. ஒரு பெடியன் களவாத் தடவினவன், துடைச்சுத் திரும்ப எழுதினது.

ஒன்பது பேர். ஈரச் சாக்கில ஒன்பது புளியங்கொட்டை, கோட்டுக்கு அங்கால. கரையில நானும் கொப்பியும்.

முதல் வந்தது அக்காவின்ர மகள், பொடியளை இருபது முப்பது மீற்றர் விட்டுப்போட்டு. முடிவில மச்சான் மூங்கிலில கட்டித் தொங்கவிட்ட பலகையை ஓங்கி அடிச்சதில கயிறு அறுந்து பலகை அவளின்ர தலையில. பிறகு வந்தவங்கள் பலகை இல்லாமல் என்ர கையில அடிச்சாங்கள். உள்ளங்கை சிவந்துபோச்சு. ஒவ்வொரு அடிக்கும் அப்பாவுக்குக் கை காட்டுறன், அவர் ஒரு கொட்டையை நகர்த்துறார். ஏழு. எட்டு. ஒன்பதாவதுக்குக் கொஞ்சம் சுணக்கம், என்ர வயிறு கலங்கினது. வந்தான். ஒன்பது.

அப்ப பின்னால இன்னொருத்தர் வந்து என்ர கையில அடிச்சார். ஐம்பது வயசிருக்கும், மீசை. அப்பாவைப் பார்த்தன். அவர் சாக்கைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். கொட்டை இல்லை.

குளிக்க வந்த மனுசனாம். எல்லாரும் நீந்திறாங்கள் எண்டு அவரும் பின்னால வந்திருக்கிறார். மூச்சு வாங்கிக்கொண்டு, "தம்பி, நான் எத்தினையாவது?" எண்டு கேட்டார். பத்து எண்டு கொப்பியில எழுதி, அவருக்கும் ஒரு பணிஸ் குடுத்தனாங்கள்.